தானாக வாசிக்கும் பியானோ: காற்றொழுகும் தோலை அடைத்தல்

1895 இல் டிட்ரொய்ற் நகரில் எட்வின் வோட்டி உருவாக்கிய பியானோலா, சாதாரண பியானோவின் முன்னால் வைத்து இயக்கும் ஒரு பெட்டி. பின்னர் அந்தப் பொறி பியானோவுக்குள்ளேயே பொருத்தப்பட்டது. 1908 இல் 88 சுரங்களுக்கான காகிதச் சுருள் பொது அளவாக ஏற்கப்பட்டது. வானொலி பரவியதும் இத்தொழில் சரிந்தது. எனவே, இன்று திருத்த வருபவற்றில் பல நூறு வயதை எட்டியவை.

இவை காற்றை உறிஞ்சி இயங்குபவை. சுருளின் துளை வழியாக நுழையும் காற்று, குழாயொன்றினூடாக வட்டமான மெல்லிய தோலின் அடியை அடைகிறது. தோல் மேலெழுந்து வால்வைத் தூக்குகிறது. உடனே சிறு துருத்தியொன்று சுருங்கி, சுரத்தை ஒலிக்கச் செய்கிறது. துளை மூடியதும், மிஞ்சிய காற்று நுண்துளையொன்றின் வழியே வெளியேற, தோல் கீழிறங்குகிறது.

தோலே காற்றைக் கசியவிட்டால், அந்த நுண்துளை பெரிதானதற்கு ஒப்பாகும். பலமாக மிதிக்கும்போது குறை தெரியாது. மென்மையாக மிதிக்கும்போதுதான் சுரம் பிந்தும், அல்லது விடுபடும்.

நான் முதலில் நுண்துளையை மூடி, குழாயில் மெதுவாக ஊதித் தோலை உயர்த்துவேன். குழாயின் வாயை அடைத்ததும் தோல் உடனே விழுந்தால், அது ஒழுகுகிறது. விரலில் பொடியாக உதிரும் தோலை அடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

தோல் இன்னும் மிருதுவாக இருந்தால், இறப்பர் பசையை நப்தாவில் நன்கு ஐதாக்கி, தூரிகையால் ஒரேயொரு மெல்லிய பூச்சுப் பூசுவேன். நப்தா எளிதில் தீப்பற்றும்; சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. காய்ந்ததும், ஒட்டாமலிருக்க முகப்பவுடர் போன்ற ரல்க் தூளைத் தடவி, மீண்டும் ஊதிப் பார்ப்பேன். தடித்த பூச்சு காற்றை முழுதாக மறிக்கும், ஆனால் தோலை விறைக்கச் செய்யும். விறைத்த தோலும் ஒழுகும் தோலைப் போலவே மெல்லிய சுரங்களை இழக்கும்.

சிலிக்கோன் பூச்சைச் சிலர் விரும்புகின்றனர். நான் தவிர்க்கிறேன். அது மரத்தில் பட்டால், பின்னர் அங்கே வச்சிரப்பசை பிடிக்காது. முன்னையோர் தோலை வச்சிரத்தால் ஒட்டியதனால்தான், சூடும் ஈரமும் கொடுத்து நம்மால் அதைக் கழற்ற முடிகிறது. அடுத்து இதைத் திறப்பவருக்கும் அந்த வசதி மிஞ்ச வேண்டும்.