குடும்பப் பிளவு நாடகங்களில் காட்சியமைப்பும் ஒளியமைப்பும்

உறவுச் சிக்கலை வசனத்துக்கு முன்பே உணர்த்தும் வகையில் மேடை வீட்டையும் விளக்கொளியையும் அமைக்கும் அரங்கக் கலைப்பிரிவு. ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்துக்கு (நியூயார்க், 1949) ஜோ மீல்சினர் வெறும் சட்டங்களாலான வீட்டை வடிவமைத்தார். அதன்மீது இலைநிழல் விழுந்ததும் நிகழ்காலம் தந்தையின் நினைவாக மாறியது, திரை இறக்கப்படாமலே. மலேசியத் தமிழ்க் குடும்பங்களை ஆங்கிலத்தில் எழுதிய கே.எஸ். மணியத்தின் (1942–2020) ‘தி சேண்ட்பிட்’ நாடகத்தில், ஒருவனின் இரு மனைவியரான சாந்தாவும் சுமதியும் பேசுகின்றனர். கணவன் தாஸ் தோன்றுவதில்லை. ஒருத்தி பேசும்போது மற்றவளை இருளில் மறைப்பதைவிட மங்கலொளியில் இருத்துவதே இத்தகைய பிரதிக்குப் பொருந்தும். கோலாலம்பூரில் 1984இல் தொடங்கிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழு இந்நாடகத்தை மேடையேற்றியது. இயக்குநர் கிருஷன் ஜித்.