தோட்டத்து டிஸ்பென்சரி: நம் மலைகளின் பழைய வைத்திய சேவை

தனியார் வைத்தியம் என்றதும் நமக்குக் கொழும்பின் பெரிய வைத்தியசாலைகள்தான் ஞாபகம் வரும். 1945இல் தொடங்கிய டேர்டன்ஸ், 1985இல் வந்த நவலோக்க என்று வரிசையாகச் சொல்வோம். இவற்றுக்கெல்லாம் மூத்த ஒரு தனியார் சேவை நம் வீட்டு வாசலிலேயே இருந்தது. அதுதான் தோட்டத்து டிஸ்பென்சரி. தெல்தெனியவுக்கு மேலே உள்ள மலைகளிலிருந்து பாடசாலைக்கு இறங்கி வந்த நம்மில் பலருக்கு முதல் ஊசி போட்டது அந்தக் கட்டிடத்தில்தான். நூற்றாண்டு மலரில் அதன் வரலாற்றுக்கும் சில பக்கங்கள் கொடுப்பது நம் கடமை.

1820களில் கண்டி மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் வைத்தியர் இல்லை. மரணங்கள் பெருகிய பிறகுதான் 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. அதற்கான செலவில் தோட்ட முதலாளிமாரும் பங்கு கொடுக்க வேண்டியதாயிற்று.

1912இல் இரண்டு சட்டங்கள் இந்த ஏற்பாட்டை இறுக்கின. லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதும், யாருக்குச் சுகமில்லை என்று அறிந்து மருந்து கொடுப்பதும், தேவையானால் வைத்தியசாலைக்கு அனுப்புவதும் துரையின் பொறுப்பாயின. பிள்ளை பெற்றவளுக்குச் சில வாரம் உணவும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தபோது தோட்டங்களுக்கு ஒரு மாற்று வழியும் கிடைத்தது. பிரசவ அறை, மருத்துவிச்சி, உணவு ஆகியவற்றைத் தோட்டமே கொடுத்தால், பணமாகக் கொடுக்கும் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். பல தோட்டங்களில் பிரசவ வார்டுகள் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சேவையின் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். நடந்து போகும் தூரத்தில் மருந்து கிடைத்தது. டிஸ்பென்சர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். ஆனாலும் ‘டாக்டரய்யா’ என்றே அழைக்கப்பட்டார். எந்த லயத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் கொழுந்து பறிக்கப் போக முடிந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. வேலை வாங்கியவரும் வைத்தியம் கொடுத்தவரும் ஒருவரே. டிஸ்பென்சரின் சம்பளம் தோட்டத்திலிருந்து வந்தது. சுகமில்லை என்று சொன்ன பெண் உண்மையிலேயே நோயாளியா, பிரட்டுக்கு வராமல் ஒளிகிறாளா என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. வைத்தியம் படித்த நமக்கு அது எத்தனை சங்கடமான இடம் என்று புரியும்.

கொக்கிப்புழுவின் கதை இதற்கு நல்ல பாடம். 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில், வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் திரும்பவும் அதே புழு ஏறியது. மருந்துக்கான செலவு சிறியது, மலசலகூடத்துக்கான செலவு பெரியது. அந்தப் பெரிய செலவுதான் தள்ளிப் போடப்பட்டது. இரத்தசோகை நம் பெண்களின் பிறவிக்குணம் போலாயிற்று.

1948இல் நம்மவர் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தார்கள். நாட்டின் இலவச சுகாதார சேவை கிராமங்களில் வேரூன்றிய காலத்தில், தோட்டத்து நோயாளி தோட்டத்தின் பொறுப்பாகவே நின்றாள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பல தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது; கண்டி, மாத்தளைப் பக்கத்தில் பல தோட்டங்கள் அரச கூட்டுத்தாபனங்களிடமே தங்கின. சில தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது. மற்றவை பழையபடியே நடந்தன. நம் ஊரும் இதற்கிடையில் மாறியது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர் பழைய தெல்தெனியவை மூடியது. மேட்டில் புதிய நகரம் எழுந்தது. மலையில் இருப்பவர்களுக்குத் தெல்தெனிய ஆதார வைத்தியசாலையும், அதற்கப்பால் கண்டியும் பெரிய துணை. ஆனால் இரவில் வலி எடுத்தால் வாகனம் தேட வேண்டும். வந்து சேர்ந்தபின் தன் நோயைத் தன் மொழியில் சொல்ல வேண்டும்.

2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் அது 32 சதவீதத்துக்குக் கிட்ட. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் இடைவெளி இப்படியே நிற்கிறது.

டிஸ்பென்சரியை மூடிவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கும் அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும். அதன் சாவி மட்டும் வேலை கொடுப்பவரின் கையில் இல்லாமல் நாட்டின் சுகாதார சேவையின் கையில் இருக்கட்டும். உள்ளே இருப்பவர் தகுதி பெற்றவராகவும் தமிழ் தெரிந்தவராகவும் இருக்கட்டும். மருந்து பெறுவது தோட்டத்தின் தயவு அல்ல, பிரஜையின் உரிமை.

இன்று நம் வகுப்பறைகளில் இருக்கும் தங்கைமாரே, தாதியராக, மருத்துவிச்சியாக, வைத்தியராக உங்களில் சிலராவது இந்த மலைகளுக்கே திரும்பி வாருங்கள். இந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தை நீங்களே எழுத வேண்டும்.