நாற்பூத எல்ஃப்கள்: டிஜிட்டல் ஓவியத்தில் மைக்கோடும் வண்ணமும்

நாற்பூத எல்ஃப்கள் என்பவர்கள் நெருப்பு, நீர், காற்று, நிலம் ஆகியவற்றுள் ஒன்றின் இயல்பைத் தம் உடலிலேயே கொண்டவர்களாகக் கற்பனை செய்யப்படும் மாயப் பாத்திரங்கள். நீண்ட கூர்ஞ்செவியும் மெலிந்த உடல்வாகும் இவர்களின் பொது அடையாளங்கள். மேற்கத்திய மாயக்கதை நூல்களிலும் காமிக்ஸிலும் விளையாட்டுகளிலும் இவர்கள் அடிக்கடி தோன்றுகிறார்கள். இவர்களைக் கணினியில் வரையும்போது முன்வரைவு, மைக்கோடு, தட்டை நிறம், நிழல், ஒளி என்ற வரிசையில் வேலை நடக்கிறது. சிவப்பு, நீலம், வெள்ளை, பழுப்பு என நிறத்தை மட்டும் மாற்றினால் ஒரே ஆள் நான்கு சட்டை மாற்றிப்போட்டது போலத்தான் இருக்கும். கோட்டின் தன்மையும் ஒளி விழும் விதமும் பூதத்துக்குப் பூதம் மாறும்போதுதான் நால்வரும் தனித்தனி ஆட்களாகத் தெரிகிறார்கள்.

தோற்றம்

எல்ஃப்களும் பூதங்களும் வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்தவை. எல்ஃப்கள் வட ஐரோப்பியத் தொன்மங்களில் வருபவர்கள். ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டுர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய உரைநடை எட்டா, ஒளி எல்ஃப்கள், இருள் எல்ஃப்கள் என்ற இரு பிரிவினரைக் குறிப்பிடுகிறது. நான்கு பூதக் கொள்கையோ கிமு 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மெய்யியலாளர் எம்பெடோக்ளிஸ் வகுத்தது. வானத்தையும் சேர்த்து ஐம்பூதம் என எண்ணும் இந்திய மரபிலிருந்து இது வேறுபட்டது.

அக்கொள்கைக்கு உயிருள்ள உருவம் கொடுத்தவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ். அவர் 1541இல் இறந்தார். அதன்பின் 1566இல் அச்சான அவருடைய நூல், நீரில் உண்டீன்களும் காற்றில் சில்ஃப்களும் நிலத்தில் நோம்களும் நெருப்பில் சாலமண்டர்களும் வாழ்வதாகக் கூறியது. 1811இல் ஜெர்மானிய எழுத்தாளர் ஃபூக்கே எழுதிய ‘உண்டீன்’ கதை நீர்மகளைப் பெரும்புகழ் பெறச் செய்தது. அக்கதைக்கு 1909இல் ஆங்கில ஓவியர் ஆர்தர் ராக்கம் படங்கள் வரைந்தார்.

1954–55இல் வெளிவந்த டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலில் எல்ஃப்களின் மூன்று மோதிரங்கள் நெருப்பு, நீர், காற்று ஆகியவற்றோடு தொடர்புபடுத்தப்பட்டன. 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு எல்ஃப்களை ஆட்டக்காரர்கள் ஏற்கும் பாத்திரமாக்கியது. 1978இல் தொடங்கிய ‘எல்ஃப்குவெஸ்ட்’ காமிக்ஸில் வெண்டி பினி எல்ஃப்களையே கதைமாந்தர்களாக வரைந்தார்.

ராக்கமின் செய்முறை இன்றைய டிஜிட்டல் முறைக்கு நேர் முன்னோடி. பென்சிலில் வரைந்து, அதன்மேல் மைக்கோடு இழுத்து, அது காய்ந்தபின் மெல்லிய நீர்வண்ணத்தைப் பூச்சுப் பூச்சாக ஏற்றுவார். கோடு அடியில் தெளிவாகத் தெரியும். வண்ணம் கண்ணாடித்தாள் போல மேலே படியும். இன்றைய மென்பொருளில் ‘மல்டிப்ளை’ எனும் கலப்பு முறை செய்வதும் இதைத்தான்.

கருவிகள்

1990இல் வந்த ஃபோட்டோஷாப், 1994இல் தன் மூன்றாம் பதிப்பில் லேயர் எனும் அடுக்கு வசதியைச் சேர்த்தது. கோட்டைக் கெடுக்காமல் நிறத்தையும், நிறத்தைக் கெடுக்காமல் கோட்டையும் திருத்த இது வழிசெய்தது. ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் உருவாக்கிய கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் காமிக்ஸ் ஓவியர்களிடையே பரவலானது. 2011இல் வெளியான புரோகிரியேட் ஐபேடுக்கானது. கிரிட்டா இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்.

வரைபலகைகளில் வாகாம் நிறுவனத்தின் பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. பலகை உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே அது ஆற்றல் பெறுகிறது. இன்றைய பேனாக்களில் பல 8,192 அழுத்த நிலைகளைப் பிரித்தறியும். கை அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு பருத்தும் மெலிந்தும் வருவது இதனால்தான்.

அச்சுக்கான வண்ணப்படம் பொதுவாக அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் வரையப்படுகிறது. ஏ4 தாளுக்கு அது 2,480 × 3,508 பிக்சல். கோடு மிகக் கூர்மையாக வேண்டுமென்றால் 600 புள்ளிகளில் வரைவார்கள். அப்போது பிக்சல்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும்.

மைக்கோடு

முன்வரைவு லேயரின் அடர்த்தியைக் குறைத்து, அதற்கு வெளிர்நீலம் ஏற்றி, மேலே புதிய லேயரில் மைக்கோடு இழுக்கப்படுகிறது. வெளிர்நீலம் பழைய அச்சகப் பழக்கம்: அச்சுக்கான படச்சுருளில் அந்நிறம் பதியாது என்பதால் ஓவியர்கள் நீலப் பென்சிலில் முன்வரைவு செய்தனர்.

நிழல் பக்கத்திலும், ஓர் உறுப்பு மற்றொன்றின்மேல் படியும் இடத்திலும், பார்ப்பவருக்கு அருகில் உள்ள வடிவத்திலும் கோடு தடிக்கும்; ஒளி படும் பக்கத்தில் மெலியும். நீண்ட கூந்தலை ஒரே வீச்சில் இழுக்க, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர் உதவுகிறது. கண், விரல் போன்ற சிறு பகுதிகளுக்கு அதைக் குறைத்துக்கொள்வார்கள். அதிகமாக வைத்தால் கோடு கையைவிடப் பின்தங்கி வரும். வெக்டர் லேயரில் இழுத்த கோட்டின் தடிமனைப் பின்னாலும் மாற்றலாம். ஒன்றையொன்று வெட்டும் கோடுகளில் மிகுதியாக நீண்ட வாலை ஒரே தொடுதலில் அழிக்கலாம்.

பூதங்கள் பிரியத் தொடங்குவது இங்கேதான். நிலத்தின் எல்ஃபுக்குத் தடித்த, முனை முறிந்த கோடுகளும் நெருக்கமான குறுக்குக்கோட்டு நிழலும் பொருந்தும். நீரின் எல்ஃபுக்கு இடையறாத வளைகோடுகள். காற்றின் எல்ஃபுக்கு மெல்லிய கோடு, அதுவும் பாதியில் விட்டு விட்டு வரும். காற்றுக்கு உருவம் இல்லாததால் கூந்தல், துணி, பறக்கும் இலை ஆகியவற்றின் வழியாகவே அதைக் காட்ட முடியும். நெருப்பின் எல்ஃபுக்கு அடியில் அகன்று நுனியில் கூரும் வீச்சுகள். சுடரின் நடுப்பகுதியில் கோடே வராது.

தட்டை நிறம்

மைக்கோடு முடிந்ததும் தோல், முடி, உடை, அணிகலன் என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே சீரான நிறம் இடப்படுகிறது. காமிக்ஸ் துறையில் இதற்கு ஃபிளாட்டிங் என்று பெயர். நிழலோ மினுக்கோ இதில் சேராது. பகுதிகளை மந்திரக்கோல் கருவியால் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுக்க வசதி செய்வதே இதன் முதன்மை நோக்கம். அதனால் விளிம்பை மென்மையாக்கும் ஆன்டி-ஏலியாசிங் வசதியை அணைத்துவிடுவார்கள்; இல்லையேல் இரு நிறங்களுக்கு நடுவே வெளிறிய இழை தங்கிவிடும். மைக்கோட்டில் இடைவெளி இருந்தால் நிரப்பு கருவியின் நிறம் வெளியே ஒழுகும். காற்றின் எல்ஃபின் விட்டுவிட்ட கோடுகளில் இது ஓயாத தொல்லை. அங்கே எல்லையைக் கையால் வரைந்தே நிரப்ப வேண்டும்.

நிழலும் ஒளியும்

தட்டை நிறத்தின்மேல் கிளிப்பிங் முறையில் லேயர்கள் அடுக்கப்படும். கீழுள்ள வடிவத்தை விட்டு நிறம் வெளியே போகாது. நிழலுக்கு மல்டிப்ளை, ஒளிக்கு ஸ்கிரீன் அல்லது ஆட் என்ற கலப்பு முறைகள் வழக்கம். இவை வெறும் கணக்குகள். 0 முதல் 255 வரையான அளவில் கீழ்லேயரின் மதிப்பு 200, மேல்லேயரின் மதிப்பு 100 என்று கொண்டால், மல்டிப்ளை இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுத்து 78 தரும். ஸ்கிரீன் 222 தரும். ஆட் இரண்டையும் கூட்டும். 300 என்பது எல்லையைத் தாண்டுவதால் 255இல் நின்றுவிடும். நெருப்பு கண்ணைக் கூசச் செய்வது இந்த வரம்பு மீறலால்தான். அதே காரணத்தால் ஆட் லேயரை அளவுமீறித் தடவினால் உள்ளிருக்கும் நுணுக்கம் எல்லாம் வெள்ளையில் கரைந்துபோகும்.

நெருப்பின் எல்ஃப் தானே ஒளிமூலம். சுடரின் கரு மஞ்சள் கலந்த வெண்மை, அதைச் சூழ்ந்து ஆரஞ்சு, ஓரத்தில் சிவப்பு. கூந்தலே எரியும்போது ஒளி தலையிலிருந்து நெற்றிக்கும் தோளுக்கும் இறங்கும். மூக்கின் அடியும் கழுத்தும் இருளும். அந்த நிழலில் சற்று நீலம் கலந்தால் சுடர் இன்னும் சூடாகத் தெரியும். மைக்கோட்டின் கறுப்பைச் செம்பழுப்பாக மாற்றுவதும் உண்டு. கறுப்புக் கோடு சுற்றி நின்றால் சுடர் வெட்டி ஒட்டிய காகிதமாகிவிடும்.

நீரின் எல்ஃபில் வழக்கமான நிழலிடலுக்கு எதிரான ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. கல்லில் ஒளி படும் பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருளாகவும் இருக்கும். நீர்த்துளியிலோ ஒளி வரும் பக்கம் ஒரு சிறு கூர்மையான மினுக்கு மட்டும் தோன்றும். உள்ளே நுழைந்த ஒளி வளைந்து எதிர்ப்பக்கத்தில் திரள்வதால் அங்கேதான் பரந்த வெளிச்சம் இருக்கும். நீராலான விரலையும் கூந்தலையும் இப்படித் தீட்டினால் நீலம் குறைவாக இருந்தாலும் நீர் என்பது புரியும்.

நிலத்தின் எல்ஃபுக்கு மினுக்கு ஏறக்குறைய வேண்டாம்; நிழலோரம் மங்கலாகவும் பரப்பு சொரசொரப்பாகவும் இருந்தால் போதும். காற்றின் எல்ஃபில் சில விளிம்புகள் பின்னணியோடு கலந்து மறைய விடப்படுகின்றன. நால்வருக்கும் பொதுவான நுணுக்கம் காதில் உள்ளது: மெல்லிய செவிமடலின் பின்னாலிருந்து ஒளி வந்தால் அது சதையை ஊடுருவிச் செந்நிறமாக ஒளிரும். எல்ஃபின் காது நீளமானது என்பதால் இந்தச் செம்மை பார்வையில் உடனே படும். தோல் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த ஊடுருவொளியின் நிறத்தையும் அதற்கேற்ப மாற்றுவார்கள்.

வெளியீடு

லேயர்களோடு கூடிய மூலக் கோப்பு தனியாகப் பாதுகாக்கப்படுகிறது. இணையத்துக்கு பிஎன்ஜி வடிவம் ஏற்றது. ஜேபெக் சுருக்கத்தில் மைக்கோட்டைச் சுற்றிக் கறை போன்ற பிசிறு தோன்றும். அச்சில் சிக்கல் வேறு வகையானது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. மின்னும் நீலங்களும் ஒளிரும் ஆரஞ்சும் மையில் எட்டாதவை. ஆகவே அச்சுக்குப் போகும் படத்தில் சுடரின் நிறத்தை மேலும் ஏற்றிப் பயனில்லை. சுற்றுப்புறத்தை இருட்டாக்கி, அருகிலுள்ள நிறங்களைத் தணித்து, தாளின் வெண்மையைச் சுடரின் கருவுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதே நடைமுறை. அச்சிடும் முன் அச்சகத்தின் வண்ணக் குறிப்புக் கோப்பை மென்பொருளில் ஏற்றி, மாதிரிப் பார்வையில் நிறங்களைச் சரிபார்த்துக்கொள்வது வழக்கம்.