தகைவும் திரிபும்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் எஃகுத் துண்டொன்றை இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுப்போம். ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை 'ஸ்ட்ரெஸ்', தமிழில் தகைவு. அதனால் துண்டு எவ்வளவு நீள்கிறது என்பது 'ஸ்ட்ரெயின்', திரிபு. மாற்றி எழுதினால் மதிப்பெண் போச்சு.

அப்படி மாற்றி எழுதப்பட்ட ஒன்றை உலகமே ஏற்றுக்கொண்ட கதை இது. வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் செலியே, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. ஹார்மோன் கிடைத்துவிட்டதாகவே நினைத்தார். ஆனால் ஃபார்மலின் ஏற்றினாலும், குளிரில் விட்டாலும், அளவுமீறி ஓடவிட்டாலும் அதே மூன்றும் வந்தன. எது தாக்கினாலும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று 1936இல் 'நேச்சர்' இதழில் சிறு கடிதமாக எழுதினார். எச்சரிக்கை, எதிர்ப்பு, ஓய்ந்துவிழுதல் என மூன்று கட்டங்கள்.

பின்னாளில் இதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்தார். அவர் கண்டதோ உடலுக்குள் நிகழும் மாற்றம். எங்கள் பாடப்படி அது ஸ்ட்ரெயின். தன் ஆங்கிலம் அன்று போதவில்லை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். சுமையைக் குறிக்க 'ஸ்ட்ரெஸர்' என்று புதுச்சொல் உண்டாக்க வேண்டியதாயிற்று.

நம் பேச்சில் இன்னும் வேடிக்கை. 'டென்ஷன்' என்கிறோம், அது இழுவிசை. 'மன அழுத்தம்' என்று எழுதுகிறோம், அது நேர் எதிர்.

சொல்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இரவு 11 மணிக்கு வேலையிட வாட்சாப் குழுவில் நாளைய வேலை வந்து விழும். கீழேயே, 'ஸ்ட்ரெஸ் ஆகாதீங்க, ரிலேக்ஸ் பண்ணுங்க' என்று இன்னொரு செய்தி. ஸ்ட்ரெஸ் எனக்குள் இருப்பது என்றால் மூச்சுப்பயிற்சி செய்ய வேண்டியவன் நான்தான். அது என்மேல் வைத்த சுமை என்றால், யார் வைத்தது, எப்போது இறக்குவார்கள் என்று கேட்கலாம்.

மீள்தன்மை எல்லைக்குள் சுமையை இறக்கினால் எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பும். எல்லை தாண்டினால் இறக்கியும் பயனில்லை. உடல் எஃகல்ல, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்கும் முதலில் சுமை இறங்கணும்.

ஒரு வாரமாக அந்தக் குழுவை இரவு 8 மணிக்கே மியூட் செய்துவிடுகிறேன். முதல் இரண்டு நாள் கை சும்மா இருக்கல.