தூரத்துப் பச்சை

நார்வே நாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் போக நினைக்கிறவர் முதலில் மூன்று கணக்குப் போடுகிறார்: எத்தனை நாள், எவ்வளவு பணம், எத்தனை கம்பளிச் சட்டை. மூன்றும் அவசியந்தான். அங்கே விலைவாசி அதிகம். நமக்கு ஆடி மாதமாக இருக்கும்போதுகூட அங்கே மழை பிடித்துக்கொண்டால் குளிர் எலும்பைத் தொடும். ஆனால் நான்காவதாக ஒரு கணக்கும் உண்டு. பிரயாண ஏஜெண்டுகள் அதைப் போட்டுக் கொடுப்பதில்லை. நாம் பார்க்கப் போகிற அழகு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் என்ன விலை வாங்கியது என்ற கணக்கு அது.

அந்த அழகுக்குப் பெயர் பியோர்டு. பனிக்கட்டி ஆறுகள் பல லட்சம் ஆண்டுகளாக மலைகளை அறுத்துத் தோண்டின. பனி உருகியதும் அந்தப் பள்ளங்களில் கடல் புகுந்துகொண்டது. சோக்னே பியோர்டு என்பது கடற்கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள்ளே போகிறது. அதன் ஆழம் சில இடங்களில் 1,300 மீட்டர். இரண்டு பக்கமும் செங்குத்தான மலைச் சுவர். நடுவே அசையாத தண்ணீர். மேலேயிருந்து வெள்ளை நூல்போல இறங்கும் அருவிகள். பார்க்கிறவர்களுக்குப் பேச்சு வராது.

ஆனால் அந்தச் சுவரில் எங்கே உழுவது? நார்வேயின் மொத்தப் பரப்பில் பயிராகும் நிலம் 100-க்கு 3 பங்குதான். "அழகு சோறு போடுமா?" என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் கேட்பார்கள். போடாது என்பதை நார்வே குடியானவன் பட்டுத் தெரிந்துகொண்டான்.

கெய்ராங்கர் பியோர்டில் படகில் போகிறவர்களுக்கு, தண்ணீருக்கு மேலே சுமார் 250 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் சில மர வீடுகளைக் காட்டுவார்கள். ஸ்காகெஃப்ளோ என்ற பண்ணை அது. கையகல நிலம், ஆடு வளர்ப்புதான் பிழைப்பு. வரி வசூலிக்கிறவர் படகில் வருவதைக் கண்டால், பாதையில் சாத்தியிருக்கும் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். இந்தக் கதையைக் கேட்டுப் படகில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்தபடியாகச் சொல்லும் கதைக்கு யாரும் சிரிப்பதில்லை. இத்தகைய பண்ணைகளில் குழந்தைகள் பள்ளத்தில் விழுந்துவிடாமல் இருக்க, அவர்கள் இடுப்பில் கயிறு கட்டி வைப்பார்களாம். எதிர்க்கரையில் இருந்த க்னீவ்ஸ்ஃப்ளோ பண்ணைக்காரர்கள், தலைக்கு மேல் தொங்கும் பாறைக்குப் பயந்து 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வெளியேறினார்கள். ஸ்காகெஃப்ளோவும் 1916-ல் காலியாயிற்று.

அவர்களுக்கு முன்பே வெளியேறியவர்கள் ஏராளம். 1825-ம் வருஷம் ஜூலை 4-ம் தேதி, ஸ்டவாங்கர் துறையிலிருந்து 'ரெஸ்டோரேஷன்' என்ற சின்னஞ்சிறு கப்பல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. ஏறியவர்கள் 52 பேர். நியூயார்க்கில் இறங்கியவர்கள் 53 பேர். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. மத சுதந்திரம் தேடிப் போனவர்கள் அவர்கள். பின்னால் போனவர்களோ நிலம் தேடிப் போனார்கள். ஜனத்தொகை பெருகிற்று, நிலம் பெருகவில்லை. பண்ணை மூத்த மகனுக்குப் போனால், இளையவனுக்கு மிஞ்சியது கப்பல்தான். அடுத்த 100 ஆண்டுகளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் போய்விட்டார்கள். 1801-ல் எடுத்த கணக்கின்படி அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 9 லட்சத்துக்குக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய வெளியேற்றம் என்று விளங்கும்.

இதே காலத்தில் எதிர்த் திசையில் வேறு கப்பல்கள் வந்தன. 1848-ல் நார்வேக்கு வந்த தாமஸ் பென்னட் என்ற ஆங்கிலேயர், தம் நாட்டுக்காரர்களுக்குப் பிரயாண ஏற்பாடு செய்து கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். சால்மன் மீன் பிடிக்கப் பிரபுக்கள் வந்தார்கள், மலையேறிகள் வந்தார்கள். ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம், 1889 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் தம் கப்பலில் வந்துவிடுவார். 1914 ஜூலையிலும் சோக்னே பியோர்டில்தான் இருந்தார். 25-ம் தேதி பாலஸ்ட்ராண்ட் என்ற ஊரிலிருந்து அவசரமாகக் கிளம்பினார். சில நாட்களில் மகா யுத்தம் மூண்டது. அத்துடன் அவருடைய நார்வே விடுமுறைகள் முடிந்தன.

வந்தவர்கள் வேடிக்கை மட்டும் பார்த்தார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. 1904 ஜனவரியில் ஓலெசுண்ட் நகரம் ஒரே இரவில் எரிந்து, சுமார் 10,000 பேர் வீடிழந்தபோது, கப்பல்களில் உணவும் மருந்தும் முதலில் அனுப்பியவர்களில் அந்தச் சக்கரவர்த்தியும் ஒருவர். யுத்தத்தில் அவர் செய்ததை உலகம் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஓலெசுண்டில் ஒரு வீதிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பார்க்க வருகிறவனுக்கும் அங்கேயே வாழ்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் லூயன் ஏரிக்கரையில் நன்றாகத் தெரியும். பியோர்டுப் பகுதியைச் சேர்ந்த இந்த ஏரியில் கோடைக்காலத்தில் 'லோதாலன்' என்ற நீராவிப் படகு பிரயாணிகளை ஏற்றிச் செல்லும். 1905 ஜனவரி 15-ம் தேதி இரவு, ராம்னெ மலையிலிருந்து ஒரு பெரும் பாறை பெயர்ந்து ஏரியில் விழுந்தது. எழுந்த அலையில் 61 பேர் மாண்டார்கள். படகைக் கரைக்கு மேலே வெகுதூரம் தூக்கி எறிந்தது அந்த அலை. தப்பியவர்கள் எங்கே போவார்கள்? அதே கரையில் மறுபடி வீடு கட்டினார்கள். 1936 செப்டம்பர் 13-ம் தேதி அதே மலை மறுபடி சரிந்தது. இந்தத் தடவை 74 பேர். கரையில் கிடந்த பழைய படகை அலை இன்னும் மேலே கொண்டுபோய்ப் போட்டது.

கோடையில் வருகிறவருக்கு அது அழகான மலை. ஜனவரி இரவில் அதன் அடியில் படுத்துத் தூங்குகிறவனுக்கு அது எமன்.

ஆபத்து இன்னும் தீர்ந்துவிடவில்லை. கெய்ராங்கருக்கு அருகே ஓக்னெசெட் என்ற மலையில் ஒரு பிளவு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் விரிந்துகொண்டே இருக்கிறது. கருவிகள் இரவும் பகலும் அதைக் காவல் காக்கின்றன. கெய்ராங்கர் பியோர்டு 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பெரிய கப்பல்கள் வந்து குவிந்தன. புகை பள்ளத்தாக்கில் தங்கிற்று. இந்தப் பாரம்பரிய பியோர்டுகளில் புகை கக்காத கப்பல்களே ஓட வேண்டும் என்று 2018-ல் நாடாளுமன்றம் தீர்மானித்தது. இப்படியாக, பார்க்க வந்தவர்களே ஒரு பாரமான கதையும் வரலாற்றில் சேர்ந்துவிட்டது.

சரி, எப்படித்தான் போவது? கரையோரக் கப்பலில் போகலாம். 1893 ஜூலை 2-ம் தேதி, ரிச்சர்ட் வித் என்ற கப்டன் 'வெஸ்டரோலன்' என்ற கப்பலை ட்ரொண்ட்ஹைமிலிருந்து வடக்கே ஹாம்மர்ஃபெஸ்டுக்கு ஓட்டினார். அதற்கு முன் குளிர்காலத்தில் அங்கே ஒரு கடிதம் போய்ச் சேர ஐந்து மாதம்கூட ஆகுமாம். குளிர்கால இருட்டில் பாறைகளுக்கு நடுவே ஓட்ட முடியாது என்று மற்றவர்கள் மறுத்த வழி அது. அவரோ திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, எங்கே எத்தனை நிமிஷம் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று பல வருஷங்களாகக் குறித்து வைத்திருந்தார். இன்று அந்த வழிக் கப்பல்கள் பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளில் நிற்கின்றன. சாமான் மூட்டைகளுடன் உள்ளூர்க்காரர்களும் ஏறி இறங்குவார்கள். ஊரைப் பார்ப்பதோடு, ஊர் எப்படி நடக்கிறது என்பதையும் அந்தக் கப்பலில் பார்க்கலாம்.

மே மாதக் கடைசியில் போனால் ஹார்டாங்கர் பக்கம் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். ஜூனில் போனால் வடக்கே சூரியன் அஸ்தமிக்காது. எப்போது போனாலும், ஸ்காகெஃப்ளோவுக்கு ஏறிப் போக ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதான். மூச்சு வாங்க ஏறி அந்த முற்றத்தில் நின்று கீழே பார்த்தால், அங்கே குழந்தையைக் கயிற்றில் கட்டிவிட்டுப் புல் அறுக்கப் போன தாயின் நினைவும் வரும். அதன் பிறகும் பியோர்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்பது தெரிந்திருக்கும்.