சுய எண்கள்

சுய எண் என்பது, எந்த நேர்ம முழு எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் விடையாகக் கிடைக்காத எண். 15-உடன் 1, 5 இரண்டையும் கூட்டினால் 21 வரும். எனவே 21-க்கு 15 தாய் எண். 20-க்கு அப்படி ஒரு தாய் கிடையாது. தாயில்லாதவற்றை வரிசைப்படுத்தினால் 1, 3, 5, 7, 9, 20, 31, 42, 53, 64, 75, 86, 97, 108 என்று போகும். 101-க்கோ 91, 100 என இரண்டு தாய்கள். இந்த வரிசையைக் கண்டவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் (1905–1986). மகாராஷ்டிரத்தின் தகாணுவில் பிறந்து, புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்து, 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்த எண்களுக்கு அவ்வூரின் பெயரையே வைத்தார். தேவ்லாலி எண்கள் என்ற வழக்கு அப்படி வந்தது. தம் ஆய்வுகள் பலவற்றைச் சொந்தச் செலவில் சிறு நூல்களாக அச்சிட்டார். 1975-இல் கணித எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழொன்றில் அவரைப் பற்றி எழுதிய பிறகே வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

தன்னையே சுட்டும் வரிசைகளில் சுய எண்களின் வரிசையைச் சேர்க்கலாமா என்பது நியாயமான கேள்வி. கணிதவியலாளர் கோலம்பின் வரிசையான 1, 2, 2, 3, 3, 4, 4, 4-இல் n-ஆம் உறுப்பு, n எத்தனை முறை வரும் என்பதைச் சொல்கிறது. அங்கே வரிசை முழுவதும் தன்னைப் பற்றியே பேசுகிறது. ஹாஃப்ஸ்டாட்டர் 1979-இல் வெளியிட்ட Q வரிசையில் முந்தைய உறுப்புகளின் மதிப்பே எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்திய அறிஞர்கள் விரகாங்கர், ஹேமசந்திரர் யாப்பிலக்கணத்தில் கண்ட 1, 2, 3, 5, 8 வரிசை இந்த அளவுக்குப் போகவில்லை. அது முந்தைய இரண்டையும் கூட்டுவதோடு நின்றுவிடுகிறது. கப்ரேக்கரிடம் ஒவ்வோர் எண்ணும் தன் எழுத்துருவைக் கொண்டே தன் அடுத்த எண்ணைத் தருகிறது: 37, 47, 58, 71. இந்த விதி எட்டாத எண்களே சுய எண்கள் என்பதால், அவற்றையும் இக்குடும்பத்தில் வைப்பதே சரி.

பத்தடிமானத்தை நம்பியிருப்பதால் சுய எண்கள் வெறும் பொழுதுபோக்கு என்பார்கள். அடிமானத்தை மாற்றினால் வரிசை மாறும் என்பது உண்மை. அது மாறும் விதத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒற்றைப்படை அடிமானத்தில் எண்ணும் அதன் இலக்கக் கூட்டலும் ஒன்றாகவே ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கும்; இரண்டின் கூடுதல் எப்போதும் இரட்டைப்படையே. ஆகவே ஒற்றைப்படை எண்கள் அனைத்தும் அங்கே சுய எண்கள். பத்தடிமானத்தில் 9-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 8-ஐயும் முறையே 80, 800, 8000 என்பவற்றையும் கூட்டிச் சென்றால் 97, 905, 8913 கிடைக்கும். முடிவில்லாமல் நீளும் இவை எல்லாமே சுய எண்கள். பொழுதுபோக்கு என்று தள்ளியவர்கள் இதைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுய எண்களின் அடர்த்தி பூச்சியத்தைவிட அதிகம் என்று 1982-இல் கணிதவியலாளர் சானியர் நிறுவினார். கணினி நிரல் போட்டிகளிலும் இவை பயிற்சிக் கணக்காக வருகின்றன.