காவற்கூலியும் வீட்டு வரியும்

சென்னைப் பட்டினத்தின் தொடக்ககால வரலாற்றை எழுதியோர் பலரும், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்துத் தமிழரும் தெலுங்கரும் வீட்டு வரியை எதிர்த்து எழுப்பிய பூசலைச் சில வரிகளிற் கூறிச் செல்வர். தெருத் துப்புரவுக்கும் மதிற்பணிக்கும் ஆகும் செலவைப் பயன் பெறுவோரே தருதல் முறையாக இருக்க, அதனை உணராத மக்கள் கலகம் விளைத்தனர் என்பதே அவர் கூற்றின் சாரம். கோட்டை அதிகாரிகளின் குறிப்புகளையே சான்றாகக் கொண்டமையால் இம்முடிபு பிறந்தது. பொதுப்பணிக்குப் பொருள் தருதல் இந்நாட்டு மக்கட்குப் புதிதா, அன்றி அதனைத் தண்டிய முறை புதிதா என்னும் வினாவை அவர் எழுப்பினாரல்லர். அதனையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், மக்கள் தந்த பொருளுக்கு இறை, கடமை, வரி, ஆயம், கூலி எனப் பல பெயர்கள் காணப்படுகின்றன. இவை எங்கும் எல்லை பிறழாது வழங்கின என்று துணிதல் இயலாது. ஓரிடத்து ஆயம் எனப்பட்டது பிறிதோரிடத்து வரி எனப்படுதலும் உண்டு. எனினும் அரசனுக்குச் செல்லும் இறை வேறு, குறித்த ஒரு பணிக்கு ஈடாக ஊரில் தண்டப்படும் பொருள் வேறு என்னும் உணர்வு அக்காலத்து நிலவியது என்பதில் ஐயமில்லை. ஏரி ஆயம் என்பது தன் பயனைத் தன் பெயராலேயே காட்டி நிற்கின்றது. பாடிகாவல் என்பதும் அத்தகையதே. வரியைப் பற்றி எழுதுவோர் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையை எடுத்துக்காட்டி அமைதல் வழக்கமாகிவிட்டது. அஃது அரசிறை பற்றியது. ஊர்ப்பணிக்குத் தரும் கட்டணத்துக்கு அதனைச் சான்றாக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

ஊர்ப்பணிக்குரிய பொருள் எவ்வாறு ஆளப்பட்டது என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று பகரும். முதற் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைத் தேரும் முறையை வகுத்துக்கொண்டனர். குடவோலையின் சிறப்பையே பலரும் வியந்து பேசுவர். நம் ஆராய்ச்சிக்கு அதனினும் இன்றியமையாதது, கணக்குப் பற்றிய விதி. முன்னர் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது ஒழிந்தவன் மீண்டும் குடவோலைக்கு உரியனல்லன். அவன் மட்டுமோ, அவனுடைய நெருங்கிய உறவினரும் உரியரல்லர். பொதுப்பொருளைக் கையாண்டவன் ஊருக்கு விடை கூறக் கடமைப்பட்டவன் என்பதை இதனினும் கடுமையாக விதித்தல் அரிது. இதுகொண்டு அச்சபையை இக்கால மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் போற்றுதல் மிகையாகும். இறை செலுத்தும் நிலமும் தன் மனையில் வீடும் உடையவரே ஆண்டு பயன்பெற்றனர். உழுதவர்க்கும் தொழில் செய்தவர்க்கும் அதில் இடமில்லை. ஆயினும், பொருளைத் தண்டுதலும் கணக்குக் காட்டுதலும் பிரியாது நின்றமை நினைவிற் கொள்ளத் தக்கது.

காவற்பணியில் இப்பிணைப்பு இன்னும் வெளிப்படை. புதுக்கோட்டைப் பகுதியில் பிற்காலத்து ஊரவர் பாடிகாவல் உரிமையை வலிமையுடைய தலைவர்கட்கு விற்ற செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. காப்பவனுக்கு ஊரவர் பங்கு தருவர். அவன் ஊரைக் காத்தல் வேண்டும். வலியவன் மெலியவரிடம் பெற்ற உரிமை ஆதலின், இவ்வொப்பந்தங்கள் யாவும் மனமொத்து எழுதப்பட்டவை என்று நாம் கொள்ளவில்லை. எனினும் கூலிக்கு எதிராகப் பணி நின்றது.

1639-இல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றுக் கோட்டை எழுப்பியபொழுது, இம்முறையின் ஒரு வடிவம் அவர்கள் குடியேற்றத்திலும் நிலைபெற்றது. நகர்க்காவல் பெத்தநாயக்கன் என்னும் தலைமைக் காவலனிடம் விடப்பட்டது. இன்றும் வழங்கும் பெத்தநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அவன் பதவியை நினைவூட்டும். தலையாரிகள் பலர் அவன்கீழ்ப் பணியாற்றினர். அவனுக்கு நெல்வயல்களும், நகருக்குள் வரும் நெல், மீன், எண்ணெய் முதலிய பண்டங்களின்மேற் சிறு ஆயங்களும் கூலியாக அமைந்தன. களவு நிகழின் இழந்த பொருளை மீட்டுத் தருதல், அன்றேல் அதற்கு ஈடு செய்தல் அவன் பொறுப்பு. இக்கூலியை மக்கள் தந்து வந்தனர். எனவே, பொதுப்பணிக்குக் காசு தர மனமில்லாத மாந்தர் என்று அவர்களைப் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்?

1678-இல் ஆளுநராகிய ஸ்திரேன்ஷாம் மாஸ்டர், தெருக்களைத் துப்புரவு செய்ய ஓர் அலுவலரை நியமித்து, அச்செலவுக்காக வீடுகளின்மேல் வரி விதித்தார். பணி தேவையானதே. கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் பகுதியில் நெருங்கிக் கிடந்த கறுப்பர் பட்டினம் ஆண்டுதோறும் பெருகிவந்தது, குப்பையும் பெருகியிருக்கும். ஆனால் எவ்வளவு தண்டுவது, எவ்வாறு செலவிடுவது என்பவற்றைக் கோட்டைக்குள் இருந்தோர் முடிவு செய்தனர். மனையிறை என்னும் பெயர் பழங் கல்வெட்டுகளிலும் உண்டு. ஆதலின் வீட்டின்மேல் வரி என்பதொன்றே மக்களை வெகுளச் செய்தது என்று கூறுதற்கில்லை.

ஆளுநர் கிஃபோர்டு காலத்தில் நிலைமை முற்றியது. முகலாயரோடு பகைமை மூண்ட காலம் அது. 1687-இல் கோல்கொண்டாவும் வீழ்ந்தது. மதிலுக்கும் படைக்கும் செலவு ஏறிக்கொண்டே சென்றது. கறுப்பர் பட்டினத்து அரணுக்கு ஆகும் செலவை ஆண்டு வாழ்வோரே ஏற்றல் வேண்டும் என்று இலண்டனிலிருந்த இயக்குநர்கள் வற்புறுத்தினர். 1686-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் திரண்டு எதிர்த்தனர். கோட்டையார் சாதித் தலைவர்களை அச்சுறுத்திப் பணியவைத்தனர். இங்கு ஒன்றை மறத்தலாகாது. இந்நகர வணிகர் கம்பெனிக்கு ஏற்கெனவே சுங்கம் செலுத்தி வந்தவர். அச்சுங்கம் கம்பெனியின் வருவாயிற் சேர்ந்தது. மதிலும் கம்பெனியின் உடைமையே. செலவு ஏறியபொழுது மட்டும் அது மக்களுக்குச் செய்யும் பணி என்று கூறப்பட்டது. கூலி என்னும் பெயரால் இறை கேட்கப்பட்டது என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

கம்பெனியின் தலைவருள் ஒருவரான சர் சோசையா சைல்டு இதன் உட்பொருளை உணர்ந்தவர். மக்கள் தாமே தம்மேல் விதித்துக்கொள்ளும் பெரிய தொகையை மனமுவந்து தருவர் என்றும், பிறர் ஆணையால் விதிக்கும் சிறு தொகைக்கும் முணுமுணுப்பர் என்றும் அவர் எழுதினார். கருத்து மறுத்தற்கரியது. 1687-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பட்டயம் வழங்கப்பெற்று, 1688 செப்டம்பர் 29-ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கப்பெற்றது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆல்டர்மன் பன்னிருவருள் சின்ன வேங்கடாத்திரி, முத்து வீரண்ணன், ஆலங்காத்தாப் பிள்ளை என்னும் மூவர் இந்நாட்டவர். மேயருக்கும் ஆல்டர்மன்களுக்கும் செந்நிற மேலங்கிகள் வகுக்கப்பட்டன. நகர மண்டபம், சிறை, பள்ளி, கழிநீர்க் கால்வாய் என்பன புதிய கழகத்தின் பணிகளாகக் குறிக்கப்பட்டன. செலவுக்கு வழி, மக்கள்மேல் விதிக்கும் வரி.

எதிர்பார்த்த வருவாய் கிட்டவில்லை. பின்னர்ச் சில்லறை ஆயங்கள் சிலவற்றைக் கம்பெனியே கழகத்துக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இத்தோல்விக்கும் மக்களின் அறியாமையைக் காரணமாகக் கூறுவாருளர். நாம் அதற்கு உடன்படோம். பன்னிருவருள் மூவரை அமர்த்தியவர் கம்பெனியாரே. அம்மூவரும் செல்வாக்கு மிக்க வணிகர். நெசவாளரும் படகோட்டியரும் தேர்ந்தெடுத்த பேராளர் அல்லர். உத்தரமேரூர்ச் சபையில், எவ்வளவு குறுகிய வட்டமாயினும், அவ்வட்டத்தினுள் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. பெத்தநாயக்கனிடம் களவுபோன பொருளை மீட்டுத் தரக் கேட்கும் உரிமை இருந்தது. புதிய கழகத்திடம் வரி செலுத்துவோன் கேட்கக் கூடியது யாது? சைல்டு தம் கொள்கையின் பயனை வேண்டினார். அதன் உள்ளீட்டைத் தர அவர் முன்வரவில்லை.

1793-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இவ்வகையில் ஒரு படி முன்னேற்றம். தெருக்களைத் துப்புரவு செய்தல், காத்தல், செப்பனிடுதல் ஆகியவற்றிற்காக, வீட்டின் ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்கு அளவில் வரி விதிக்கும் அதிகாரத்தை அமைதி நீதிபதிகட்கு அது வழங்கியது. பணி இன்னது, அளவு இவ்வளவு என்று வரையறை வந்தது. தண்டுவோரை வினவும் உரிமை மட்டும் வரவில்லை. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் மாநகராட்சியின் 32 உறுப்பினருள் 16 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாயினர். மாஸ்டரின் துப்புரவு வரி பிறந்து அப்பொழுது இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.